முப்பத்தேழு டிகிரிக்குக் கீழே

கடலோர நிலையம் ஒன்றில் அன்றைய உச்ச வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸையாவது தொட வேண்டும். அந்த நாளுக்குரிய வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அங்கே 'வெப்ப அலை' என்று அறிவிக்கும். சமவெளிக்கு இந்த வாசல் 40 டிகிரி. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆனால் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களின் சிறுநீரகம் கெடுவதற்கு வெப்ப அலை வர வேண்டியதில்லை. 34 டிகிரி உள்ள சாதாரண நாளே போதும். அப்படிப்பட்ட நாட்கள் பருவம் முழுக்க வருகின்றன, எந்த அறிவிப்பும் இல்லாமல்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர். இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஊருக்கு உட்புறம் கழுவெளி என்ற உவர்நீர் ஏரி. 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கழுவெளியின் பறவைகளைக் கணக்கெடுக்க ஆட்கள் வருகிறார்கள். அதே உவர்மண்ணில், சாலையோரம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிந்து கிடக்கும் உப்பளங்களில் நடக்கும் வேலையைக் கணக்கெடுப்பது பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாத வாக்கில் பாத்தியில் நிற்கும் மழைநீரை இறைத்து வெளியேற்றுவார்கள். கரைந்த வரப்பைக் கட்டி, அடிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். பிறகு உப்புநீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றிக் காயவிட வேண்டும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி. அது 25 டிகிரியை நெருங்கும்போதுதான் சமையல் உப்பு படியத் தொடங்கும். படிந்ததை வாருபலகையால் இழுத்து வரப்பில் குவித்து, நீர் வடிந்ததும் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரமாக்குவார்கள். வாருவது பெரும்பாலும் ஆண்கள். சுமப்பது பெரும்பாலும் பெண்கள். மேலே வெயில். கீழே வெள்ளைப் பரப்பு அந்த வெயிலில் கணிசமான பங்கை முகத்துக்கே திருப்பியனுப்பும். சுற்றிலும் கடற்காற்றின் ஈரம். பத்து மணிக்கு மேல் வியர்வை வழியும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்.

இந்த மூன்றையும், அதாவது ஈரம், கதிர்வீச்சு, காற்றின் சூடு ஆகியவற்றை ஒரே எண்ணில் அடக்க ஒரு வழி உண்டு. 1950களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் இளம் வீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுவதைத் தடுக்க யாக்லூ, மினார்டு என்ற இருவர் வகுத்த குறியீடு அது: ஈரக்குமிழ்–கோள வெப்பநிலை. கருவி எளிமையானது. நனைந்த பருத்தித் திரி சுற்றிய ஒரு வெப்பமானி, கறுப்பு வண்ணம் பூசிய செம்புக் கோளத்துக்குள் ஒன்று, நிழலில் ஒன்று. வெயிலில் செய்யும் வேலைக்கு முதலாவதற்கு 70 விழுக்காடும், இரண்டாவதற்கு 20 விழுக்காடும், மூன்றாவதற்கு வெறும் 10 விழுக்காடும் எடை கொடுத்துக் கூட்ட வேண்டும். நாம் தினமும் செய்தியில் கேட்கும் வெப்பநிலைக்கு இந்தக் கூட்டலில் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று 34 டிகிரி, நனைந்த திரி 28, கறுப்புக் கோளம் 45 என்று வைத்துக்கொள்வோம். கடலோரக் கோடையில் இது அதிசயமான நாள் இல்லை. 19.6, 9, 3.4 மூன்றையும் கூட்டினால் 32 வருகிறது. அமெரிக்கத் தொழில்நல வல்லுநர்களின் ஏசிஜிஐஎச் அமைப்பு வெளியிடும் வரம்பின்படி, வெப்பத்துக்குப் பழகிய உடம்பே ஆனாலும், கடின வேலைக்கு 30.5 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் கால் மணி மட்டும் வேலை, முக்கால் மணி ஓய்வு. 32 டிகிரிக்கு அந்த அட்டவணையில் கடின வேலை என்ற கட்டமே கிடையாது. ஆனால் வானிலை அறிக்கையைப் பொறுத்தவரை அது 34 டிகிரி. வெப்ப அலை வாசலுக்கு இன்னும் மூன்று டிகிரி இருக்கிறது.

இதே உப்பு விஷயத்தில் அரசுக்கு அளக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. சமையல் உப்பில் உற்பத்தி இடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்கு, வீட்டுக்கு வந்து சேரும்போது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைச் சோதிக்க ஆய்வகங்களும் பரிசோதனைப் பெட்டிகளும் இருக்கின்றன. கழலை நோயைத் துரத்திய அந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. இந்தியப் பொதுச் சுகாதாரத்தின் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. அந்தக் கவனத்தில் ஒரு துளி உப்பை வாருகிறவர் பக்கமும் திரும்பியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் 2017க்கும் 2020க்கும் இடையில் தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். எல்லோருமே கடின உழைப்பாளிகள். அவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட வரம்புக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. ஏழுதானே என்று தோன்றலாம். ஆனால் இவர்கள் உப்பளத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டவர்கள். அதாவது இன்னும் வேலைக்கு வர முடிந்தவர்கள். முடியாமல் போனவர் வீட்டில் இருப்பார், அல்லது வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். தொழில்நோய் ஆய்வு எதிலும் இந்தப் பள்ளம் உண்டு. வேலையிடத்தில் எடுக்கும் ஒருநாள் கணக்கு நோயைக் குறைத்தே காட்டும்.

உப்பளத்துக்கு வெளியேயும் ஒரு கணக்கு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரக மருத்துவர்கள் முன்நின்று 2023இல் தமிழகம் முழுக்க மூவாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்து உறுதி செய்தபோது 5.31 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதையும் காட்ட முடியவில்லை. காரணம் புரியாத இந்தச் சிறுநீரக நோயை இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகள் 1990களிலிருந்து அறியும். ஆந்திரத்தின் உத்தானம் பகுதியும் அறியும். எல் சால்வடாரில் கரும்பு வெட்டுகிறவர்கள் நடுவே இதை மருத்துவர்கள் 2002இல் எழுதி வைத்தார்கள். இடத்துக்கு இடம் காரணங்கள் வேறுபடலாம். பூச்சிமருந்து, தண்ணீரிலுள்ள தாதுக்கள் என்று பல சந்தேகங்கள் நிலுவையில் இருக்கின்றன. வெயிலில் கடின உழைப்பு என்ற இழை மட்டும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஓடுகிறது.

உப்பளத்துப் பெண் ஒருவர் மருத்துவரிடம் போனால், 'தண்ணி நிறையக் குடிம்மா' என்பார் அவர். சரியான அறிவுரை. அதை அந்தப் பெண் ஏன் கடைப்பிடிப்பதில்லை என்று கேட்கத் தொடங்கும்போதுதான் அமைப்புப் பொறியியல் உள்ளே வருகிறது. விமானம் கட்டுகிறவர்களும் தொலைபேசி வலைப்பின்னல் போட்டவர்களும் வளர்த்தெடுத்த இந்தத் துறையின் அடிப்படைப் பழக்கம் ஒன்றுதான்: ஒரு பாகத்தைத் தனியே எடுத்துப் பார்க்காமல், அது எதால் தள்ளப்படுகிறது, எதைத் தள்ளுகிறது என்று சுற்றி வந்து பார்ப்பது. உப்பளத்தில் அப்படிச் சுற்றி வந்தால் கிடைப்பது இது. வெட்டவெளியில் கழிப்பறை கிடையாது. மறைப்புக்கு ஒரு கருவேலம் புதர் கிடைத்தால் உண்டு. ஆகவே பெண்கள் வேலைக்கு வரும் முன்பும் வேலை நேரத்திலும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். குறைத்துக் குடித்தால் சிறுநீர் சுண்டும், எரியும், தொற்று வரும். எரிகிறது என்பதால் மேலும் அடக்குவார்கள். உடம்புவலிக்குக் கடையில் வலிமாத்திரை வாங்கிப் போடுவார்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரையும் சிறுநீரகத்தைத்தான் போய் அடிக்கும். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பிலிருந்து ஒரு லிட்டர் வியர்வை போய், அது ஈடாகவில்லை என்றால் எடையில் 2 விழுக்காடு குறைந்துவிடும். கடின வேலையில் ஒரு லிட்டர் என்பது ஒரு மணி நேரக் கணக்கு.

இந்தச் சுழலுக்கு வெளியே இன்னொரு சுழல் இருக்கிறது; மருத்துவ ஆய்வுகள் இதைத் தொடுவது குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் உப்பளம் மூழ்கிவிடும், வேலை கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. கையில் காசில்லாத அந்த மாதங்களில் கடன் வாங்குகிறவர், பருவம் தொடங்கியதும் ஒரு நாளும் விடாமல் வேலைக்குப் போயாக வேண்டும். உடம்பு கேட்கும் ஓய்வைக் கடன் கொடுக்காது. மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. அரசுக் கோப்பில் அது நலத்திட்டம். சுழலை வரைந்து பார்த்தால் அது மே மாதச் சிறுநீரகத்துக்கு நவம்பரில் கொடுக்கும் மருந்தாகவும் இருக்கக்கூடும். இருக்கிறதா என்பதை இதுவரை யாரும் அளக்கவில்லை என்றால், அளக்க வேண்டிய முதல் விஷயங்களில் அதுவும் ஒன்று. கடனைச் சிறுநீரக நோயின் காரணிகளில் ஒன்றாக எழுத மருத்துவப் படிவத்தில் இடமிருக்காது. அமைப்பின் வரைபடத்தில் இருக்கும்.

வரைபடம் வரைவதோடு நின்றால் அது கருத்தரங்கத்துக்குத்தான் உதவும். எண்ணை ஏற்றி, ஓட்டிப் பார்த்து, எந்தத் திருகைத் திருப்பினால் எவ்வளவு மாறும் என்று சொல்லும்போதுதான் அது கணித மாதிரியாகி வேலைக்கு ஆகும். இந்த வேலை நம் மண்ணுக்குப் புதிதில்லை. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடம்புக்குள் 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், 1911இல் அந்நோய் பரவுவதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டாம். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறக்கினாலே நோய் தானாக அற்றுப்போகும் என்பது அவர் சமன்பாடு சொன்ன செய்தி. அன்றைய சுகாதார அதிகாரிகள் பலருக்கு அது நம்ப முடியாத பேச்சாக இருந்தது.

அதைவிடப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மரக்காணத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில், புதுச்சேரியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி ஆய்வு மையம் 1975இல் தொடங்கியது. புதுச்சேரி அப்போது யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர். பி. கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை அந்த மையம் நகரம் முழுக்கக் கொசுக் கட்டுப்பாட்டை நடத்தியது: சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, கிணறு என்று கொசு பிறக்கும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப் பிடித்து அடைத்தார்கள். அதோடு இன்னொரு வேலையையும் செய்தார்கள். என் பார்வையில் அதுதான் பெரியது. எண்ணினார்கள். ஒருவரை ஆண்டுக்கு எத்தனை கொசு கடிக்கிறது, அதில் எத்தனை கொசு புழுவைச் சுமக்கிறது, எந்த வயதினரின் ரத்தத்தில் எவ்வளவு நுண்புழு என்று பல ஆயிரம் பேரிடம் ஆண்டுகள் இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுத்துவைத்தார்கள். நுண்புழு இரவில்தான் ரத்தத்தில் மேலே வரும். ஆகவே ரத்தம் எடுப்பதும் இரவில்தான்.

ஐந்தாண்டு உழைப்புக்குப் பிறகு கொசு வெகுவாகக் குறைந்தது. நோய்த்தொற்று அந்த வேகத்தில் குறையவில்லை. தோல்வி என்று கோப்பை மூடியிருக்கலாம். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து 1990களில் இவர்கள் 'லிம்ஃபாசிம்' என்ற கணினி மாதிரியை உருவாக்கினார்கள். அதற்குள் கற்பனை மனிதர்கள் பிறப்பார்கள், கொசுக்கடி வாங்குவார்கள், புழுவைச் சுமப்பார்கள், மாத்திரையைச் சிலர் போடுவார்கள், சிலர் போடாமல் விடுவார்கள். புதுச்சேரியின் எண்களை அதில் ஏற்றிப் பார்த்தபோது விடை கிடைத்தது: மனித உடம்புக்குள் வளர்ந்த புழு சராசரியாகப் பத்தாண்டு அளவுக்கு உயிர்வாழ்கிறது. கொசுவை ஐந்தாண்டு அடக்கினாலும் உள்ளே இருக்கும் புழு ஓயாது. மாத்திரை கொடுக்கும் திட்டத்துக்கு எத்தனை ஆண்டு தேவை என்ற கேள்வியையும் அதே மாதிரியிடம் கேட்டார்கள். மருந்தின் வீரியத்தோடு, எத்தனை பேர் உண்மையில் அதை விழுங்குகிறார்கள் என்பதும் விடையைத் தீர்மானித்தது. வீட்டுக்கு வீடு மாத்திரை கொடுத்த பணியாளர்கள், 'என் கண் முன்னாலேயே போடுங்க' என்று நின்றதற்குப் பின்னால் இப்படியொரு கணக்கு இருக்கிறது. 1980களில் காரைக்காலில் அந்த மருந்தை உப்பிலேயே கலந்து கொடுத்துப் பார்த்தார்கள் என்பது இங்கே பொருத்தமான துணைச் செய்தி.

புதுச்சேரியில் வென்றது கணினி என்று நினைத்தால் பாடம் தவறிவிடும். ஒரே ஊரில், ஒரே மக்களிடம், பத்தாண்டுக்கு மேல் பொறுமையாக எடுத்த எண்கள் இல்லாவிட்டால் அந்த மாதிரிக்கு உயிரில்லை. இன்றைக்குப் 'பெருந்தரவு', 'செயற்கை நுண்ணறிவு' என்று திட்ட அறிக்கைகளில் வரும் சொற்களைப் படிக்கும்போது எனக்கு வரும் முதல் கேள்வி, கறுப்புக் கோளம் எங்கே என்பதுதான். அளக்காத ஒன்றை எந்த மென்பொருளும் கணித்துத் தராது.

இன்னொரு தவறும் நடக்கலாம்: வேறோர் ஊரின் மாதிரியை அப்படியே இறக்கிவைப்பது. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அதிலிருந்து பிறந்தது அந்த நகரத்தின் 2013ஆம் ஆண்டு வெப்பச் செயல்திட்டம். இந்தியாவுக்கே முன்னோடி அது. சேவா அமைப்பு தன் பெண் உறுப்பினர்களுக்கு, குஜராத் உப்பளப் பெண்கள் உட்பட, வெப்பக் காப்பீடும் கொண்டுவந்தது. வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டினால் பணம் தானாகக் கணக்கில் ஏறும். ஆனால் அங்கே அடிப்பது வறண்ட வெயில்; கட்ச் ரண் பகுதியில் காற்றின் வெப்பநிலை ஓரளவுக்கு உண்மையைச் சொல்லிவிடும். மரக்காணத்தில் சொல்லாது. இங்கே ஒரு காப்பீட்டை 40 டிகிரியில் கட்டிவைத்தால், பிரீமியம் கட்டியவர் மயங்கி விழுந்த நாளில்கூட ஒரு ரூபாய் வராது.

அப்படியானால் மரக்காணத்துக்கு எப்படிப்பட்ட மாதிரி வேண்டும்? இயற்கை இங்கே ஓர் அரிய வசதியைச் செய்து கொடுத்திருக்கிறது. அதே ஆட்கள், அதே தண்ணீர், அதே சாப்பாடு. ஆனால் ஆண்டில் மூன்று மாதம் வேலை இல்லை. மழைக்காலத்தில் டிசம்பர் கடைசியில் ஒருமுறை, வெயில் உச்சத்தில் மே மாதம் ஒருமுறை, பருவம் முடியும் செப்டம்பரில் ஒருமுறை என்று சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தால், வெப்பத்தின் பங்கும் தண்ணீரிலுள்ள தாதுவின் பங்கும் ஓரளவு தனித்தனியே தெரியும். தண்ணீர்தான் காரணம் என்றால் டிசம்பரிலும் சேதம் ஏற வேண்டும். வேலைதான் காரணம் என்றால் பருவத்தில் ஏறி, மழையில் ஓரளவு இறங்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் அளவு குறைந்துகொண்டே வந்தால், அது நிரந்தரச் சேதத்தின் தொடக்கம். இலங்கையிலும் மத்திய அமெரிக்காவிலும் கால் நூற்றாண்டாக இழுக்கும் விவாதத்துக்கு மரக்காணத்தின் மழைக்காலம் சொல்லக்கூடிய சாட்சி இது. நாள்தோறும் செய்ய வேண்டியது இன்னும் எளிது: வேலைக்கு முன்பும் பின்பும் எடை பார்ப்பது, சிறுநீரில் பட்டை தோய்த்துப் பார்ப்பது, அந்த உப்பளத்தின் ஈரக்குமிழ்–கோள அளவை மணிக்கொரு தரம் குறிப்பது.

பதிவு யார் பெயரில் என்பதையும் யோசிக்க வேண்டும். மருத்துவமனைப் பதிவேடுகள் ஆளை வைத்து எழுதப்படுகின்றன. இந்த நோய்க்கு ஆளோடு இடமும் நாளும் வேண்டும்: எந்த உப்பளம், எந்த நாள், எத்தனை மணி நேரம், நிழல் இருந்ததா, குடிதண்ணீர் எவ்வளவு தொலைவில். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடு வீடாகச் சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் பார்த்து மருந்து கொடுக்கிறது. 2024இல் அது தொழிலகங்களுக்கும் விரிந்தது. 2023இல் வந்த 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீர்ப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. இந்த இரண்டின் பதிவோடு உப்பளத்தின் வெப்பப் பதிவு இணைந்தால், வேலையை விட்டுப் போனவரையும் அவர் வீட்டில் வைத்துக் கணக்கில் பிடிக்கலாம். ஏழு விழுக்காட்டுக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

கருவுற்ற பெண்களையும் இந்த இணைப்பில் விட்டுவிடக் கூடாது. தமிழகத்தில் செங்கல் சூளை, வயல், உப்பளம் உள்ளிட்ட இடங்களில் வேலை செய்த 800 கர்ப்பிணிகளை ஸ்ரீராமச்சந்திரா குழுவினர் 2017 முதல் பின்தொடர்ந்தார்கள். வெப்பத்தில் வேலை செய்தவர்களில் 5 விழுக்காட்டினருக்குக் கருச்சிதைவு. மற்றவர்களில் 2 விழுக்காடு. கர்ப்பிணி ஒவ்வொருவரையும் பதிவு செய்து தொடரும் ஏற்பாடு தமிழகத்தில் 2008 முதலே இருக்கிறது. வெயிலில் வேலையா, எத்தனை மணி நேரம் என்ற ஒரே கேள்வியை அந்தப் பதிவில் சேர்த்துக் கேட்டாலே போதும்.

தரவைச் சேர்ப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நிகராகுவாவின் கரும்பாலைகளில் வேலைக்கு எடுக்கும் முன்பே கிரியேட்டினின் பார்த்தார்கள்; கூடியிருந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆலையின் கணக்கில் நோய் குறைந்தது. திருப்பி அனுப்பப்பட்டவரோ ஒப்பந்தக்காரர் மூலம் அதே வெயிலுக்குத் திரும்பினார், இன்னும் மோசமான நிபந்தனைகளில். ஆகவே உப்பளத் தொழிலாளரின் பரிசோதனை முடிவு முதலாளியின் கைக்குப் போகக் கூடாது. உப்பளத்தின் வெப்ப அளவு மட்டும் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். பலகையில் எழுதி மாட்ட வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்யும் திட்டம் எதுவானாலும், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், எதிர்க்க வேண்டியதுதான்.

ஓய்வு கொடுத்தால் உற்பத்தி விழும் என்று உப்பள முதலாளிகள் சொல்லக்கூடும். எல் சால்வடாரில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பை, நகர்த்தக்கூடிய நிழற்கூடாரம், கட்டாய ஓய்வு இடைவேளை மூன்றையும் கொடுத்துப் பார்த்தபோது, ஒருவர் ஒரு நாளில் வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாகக் கூடியது. கூடவே நல்ல வெட்டுக்கத்தியும் கொடுத்தார்கள், ஆகவே முழுப் பெருமையையும் ஓய்வுக்குக் கொடுக்க முடியாது. குறையவில்லை என்பது மட்டும் உறுதி.

மாதிரி ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டிய வேலைகளும் இவை இல்லை. நிழலும் கழிப்பறையும் எந்தச் சமன்பாட்டிலும் நன்மையின் பக்கமே நிற்கும். மரக்காணம் உப்பளங்களில் பெரும்பகுதி அரசு நிலம், குத்தகைக்கு விடப்பட்டது. நிழற்கூடாரமும் பெண்களுக்கு நகர்த்தக்கூடிய கழிப்பறையும் குடிதண்ணீரும் குத்தகை நிபந்தனையிலேயே வரலாம். மாதிரி சொல்ல வேண்டியது அதற்கு அடுத்தது: எத்தனை ஏக்கருக்கு ஒரு கூடாரம், எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துவது, மழைக்கால உதவித்தொகை எவ்வளவானால் கடன் குறையும்.

விழுப்புரம் மாவட்ட நிர்வாகத்துக்கும் பொதுச் சுகாதாரத் துறைக்கும் வைக்கும் கோரிக்கை சிறியது. அடுத்த தை மாதம் பாத்தி மிதிக்கத் தொடங்கும் முன் மரக்காணத்தில் ஈரக்குமிழ்–கோள வெப்பமானிகள் சிலவற்றை நிறுவி, அவற்றைக் குறிக்க உப்பளத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தே ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். கடலோர வெப்ப எச்சரிக்கையை அந்த எண்ணின்படி அறிவியுங்கள். மழை நிற்பதற்குள் முதல் சுற்று ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.